முக்காட்டுக்கு மேலா, கீழா?

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஃபிட் டெஸ்ட் பற்றி எழுதியிருந்தேன். முகமூடி மாட்டிய ஆளின் தலையில் ஒரு பையைக் கவிழ்த்து, அதற்குள் சாக்கரின் கரைசலைப் பனிபோலத் தெளித்து, "இனிக்கிறதா?" என்று கேட்கிற பரிசோதனை. இனித்தால் முகமூடி முகத்தில் சரியாகப் படியவில்லை என்று அர்த்தம். இனிப்பைப் பற்றித்தான் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தலையில் கட்டுகிற துணியைப் பற்றி. சரி, இந்த மாதம் அதுவே.

புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. ஊர் தூத்துக்குடி. ஹூஸ்டன் கப்பல் கால்வாய்க் கரையில் இருக்கும் ரசாயன ஆலைகளில் 24 வருஷமாகத் தொழில் சுகாதார வேலை. எங்கள் சித்தப்பா தையற்கடை வைத்திருந்தார். அவர் சட்டைக்கு அளவெடுத்தார், நான் மூஞ்சிக்கு எடுக்கிறேன்.

கேள்வி: நான் கீழக்கரைக்காரி. இங்கே மருத்துவமனை வார்டில் நர்ஸ். ஹிஜாப் அணிகிறேன். காசநோயாளி இருக்கும் அறைக்குள் போக என்95 கட்டாயம். ஒரு மேற்பார்வையாளர் முகமூடிப் பட்டையை ஹிஜாபுக்கு மேலே போடச் சொன்னார். இன்னொருவர் கீழே என்றார். மூன்றாமவர், "சட்டப்படி தலையில் துணியே இருக்கக் கூடாது" என்றார். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

மூன்றாமவர் சொன்னது தப்பு. மற்ற இருவரும் பாதி சரி.

அவர் சட்டம் என்று சொல்லிவிட்டதால் முதலில் சட்டத்தையே பிரித்துப் பார்ப்போம். இங்கே அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு ஓஷா. அதன் சுவாசக் கவச விதியின் எண் 1910.134. 1998-ல் அதைத் திருத்தி எழுதுவதற்கு முன்பு இருந்த பழைய வாசகத்தில், முகமூடி படியாமல் போகும் காரணங்களாகத் தாடி, கிருதா, மூக்குக்கண்ணாடிக் காம்பு ஆகியவற்றோடு "முகமூடிக்கு அடியில் நீண்டு வரும் தலைத்தொப்பி" என்றும் ஒன்று இருந்தது. கவனியுங்கள், தொப்பி போடாதே என்று அப்போதும் சொல்லவில்லை. முகமூடிக்கு அடியில் நீட்டாதே என்றுதான் சொன்னார்கள். இப்போதைய வாசகம் இன்னும் பொதுவானது: முகத்துக்கும் முகமூடி விளிம்புக்கும் நடுவே முடி வரக் கூடாது, படிவதையும் வால்வையும் கெடுக்கிற வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஃபிட் டெஸ்டுக்கான பின்னிணைப்பில் உடையைப் பற்றி ஒரு வரி உண்டு. சரியாகப் படிவதற்கு இடைஞ்சலான உடையை "மாற்றவோ கழற்றவோ வேண்டும்" என்கிறது. மாற்றுவது என்பதுதான் முதலில் வருகிறது. மூன்றாமவர் இரண்டாவது சொல்லை மட்டும் படித்திருக்கிறார்.

ஆக, உங்கள் ஹிஜாப் உச்சந்தலையில் இருக்கிறதா என்பதில் ஓஷாவுக்கு அக்கறை இல்லை. கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் அதன் ஓரம் எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம். உள்ளே போடும் குல்லாயில் ஒரு வகை தாடையையும் சேர்த்து மூடும். முகமூடியின் கீழ் விளிம்பு அந்தத் துணிமேல் உட்கார்ந்தால் கதை முடிந்தது. துணிக்கு வடிகட்டி என்ற எண்ணமே கிடையாது, காற்று அதன் நூல்களுக்கு நடுவே சும்மா நடந்து வரும். தாடையைத் தொடாத பருத்திக் குல்லாய்க்கு மாறுங்கள். இது ஒன்றிலேயே பாதித் தொல்லை தீரும்.

இனி மேலா, கீழா.

இங்கே அங்கீகாரம் என்ற விஷயம் வருகிறது. என்95-ஐப் பரிசோதித்து ஒப்புதல் தருவது நயோஷ் என்ற அரசு நிறுவனம். முகமூடியின் மேலேயே டி.சி.-84ஏ என்று தொடங்கும் எண் அச்சிட்டிருக்கும். அந்த ஒப்புதல் முகமூடிக்கு மட்டும் கிடைத்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது அந்த முகமூடிக்கு, அந்தப் பட்டைகளோடு, டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் சொன்னபடி அணிந்தால் கிடைக்கிற ஒப்புதல். அங்கீகரித்த கவசத்தை அந்த அங்கீகாரத்தின் நிபந்தனைப்படியே பயன்படுத்த வேண்டும் என்று ஓஷா விதியும் சொல்கிறது. ஆகவே மூன்று மேற்பார்வையாளர்களையும் விட்டுவிட்டு அந்தத் தாளைப் பிரியுங்கள். மேல் பட்டை உச்சந்தலையின் பின்பக்கம், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில் என்று பெரும்பாலும் படம் போட்டிருக்கும். துணியைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதுதான் உங்கள் பதில். ஒன்றும் சொல்லாவிட்டால் தயாரித்த நிறுவனத்துக்கு மருத்துவமனையின் பெயரில் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். எழுத்தில் வரும் பதிலுக்கு இருக்கிற மரியாதை வராந்தாவில் நின்று சொல்கிற பதிலுக்குக் கிடையாது.

நான் பார்த்தவரை, ஹிஜாபுக்கு மேலே பட்டை போட்டால் இரண்டு தொல்லை. துணி வழுக்கும்; ஷிஃபானும் பாலியெஸ்டரும் ரொம்பவே வழுக்கும். மேல் பட்டை மெல்ல மெல்லப் பிடரிக்கு இறங்கிவிட்டால் மூக்குப் பாலத்தில் பிடிப்பு தளரும். அடுத்தது, நோயாளியைத் தூக்கிப் படுக்க வைக்கும்போது ஹிஜாப் இழுபட்டால் முகமூடியும் கூடவே இழுபடும்.

பட்டையை உள்ளே போட்டு, மேலே ஹிஜாபைச் சுற்றினால் பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் கழற்றும்போது முதலில் ஹிஜாப், பிறகு முகமூடி என்று வரும். காசநோய் அறையில் முகமூடியைக் கழற்றுவது வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகுதான். அப்படியானால் வராந்தாவில், ஆண்களும் போய்வரும் இடத்தில், நீங்கள் முக்காட்டை எடுக்க வேண்டியிருக்கும். இந்தச் சங்கடத்தை எந்தத் தாளிலும் எழுதியிருக்க மாட்டார்கள். போடவும் கழற்றவும் ஒரு மறைவான இடம், மேலே சுற்ற ஒருமுறை அணிந்து எறியும் ஹிஜாப், இந்த இரண்டையும் கேளுங்கள். இது ஆகாத காரியம் இல்லை. இங்கிலாந்தில் ராயல் டெர்பி மருத்துவமனை 2019 டிசம்பரிலேயே அறுவைக்கூடத்துக்கு அப்படிப்பட்ட ஹிஜாபைக் கொண்டுவந்துவிட்டது. சிங்கப்பூரில் அரசு மருத்துவமனை நர்ஸுகள் முக்காடு அணியலாம் என்று 2021 நவம்பர் 1 முதல் விதியை மாற்றினார்கள். உங்கள் ஊர்க்காரர்கள் அங்கே நிறையப் பேர் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

மேலோ கீழோ, எப்படி வேலை செய்யப் போகிறீர்களோ அப்படியே ஃபிட் டெஸ்டுக்கு உட்காருங்கள். இதை அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வேலைக்கு வந்த மூன்றாவது வருஷம், ஆய்வகத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு அரைமுக ரெஸ்பிரேட்டருக்கு டெஸ்ட் எடுத்தேன். அவள் தலைத்துணி போடுபவள். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் என்று பார்த்ததும் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அருமையாகத் தேறினாள், சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து டேங்கில் மாதிரி எடுக்கிற இடத்தில் அவளைப் பார்த்தேன். துணியின் ஓரம் கன்னத்தில் முகமூடி விளிம்புக்கு அடியில் அரை அங்குலம் போயிருந்தது. பட்டை துணிமேல் வழுக்கிக் காதுப் பக்கம் நின்றது. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. நான் அளவெடுத்தது வேறொரு தலைக்கு. "அளவெடுக்கும்போது வயிற்றை எக்காதேடா, சோறு தின்னுட்டுப் போடப்போறவன் நீதானே" என்று சித்தப்பா கடையில் கத்துவது அன்றைக்கு எனக்குக் காதில் விழுந்தது. ரெஸ்பிரேட்டரோடு சேர்த்து அணியும் பாதுகாப்புச் சாதனம் எதுவும் படிவதைக் கெடுக்கக்கூடியது என்றால் அதையும் போட்டுக்கொண்டுதான் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. தலைத்துணியையும் நான் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணை மறுபடி உட்காரவைத்துத் துணியோடு எடுத்தேன். முதல் இரண்டு முகமூடியில் தோற்றாள். மூன்றாவது வகை சரியாக உட்கார்ந்தது. அன்றிலிருந்து கதவுக் கண்ணாடியில் காகிதம் ஒட்டிவிட்டு, "வேலையில் எப்படி இருப்பாய், அப்படியே இரு" என்று சொல்லித்தான் தொடங்குகிறேன்.

எதுவும் சரிவரவில்லை என்றால் பேப்பர் கேளுங்கள். நாளிதழ் இல்லை. இடுப்பில் பேட்டரியோடு ஒரு விசிறி, அதிலிருந்து குழாய் வழியாகத் தலைமேல் போட்ட தளர்வான ஹூடுக்குள் சுத்தமான காற்று வரும். அந்தக் கருவியின் பெயரை முதலெழுத்துகளைச் சேர்த்து இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தளர்வான ஹூடு முகத்தில் ஒட்ட வேண்டியதில்லை என்பதால் ஃபிட் டெஸ்டும் கிடையாது. உள்ளே ஹிஜாப் இருக்கலாம், ஹூடின் கழுத்துப் பட்டியைத் தூக்காமல் இருந்தால் போதும். வெளியே இருப்பதை எத்தனை மடங்கு குறைத்து உள்ளே விடும் என்பதுதான் பாதுகாப்பு மதிப்பு; ஓஷா கணக்கில் அது என்95-க்கு 10, இந்த ஹூடுக்கு 25. கூடுதலாகப் பாதுகாக்கிற கருவியைத்தான் கேட்கிறீர்கள், சலுகை கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்த வேண்டாம். செலவு முதலாளியுடையது, உங்களுடையது இல்லை. அதுவும் விதியில் இருக்கிறது. குறை என்னவென்றால் விசிறிச் சத்தத்தில் ஸ்டெதஸ்கோப் சரியாகக் கேட்காது, நோயாளி முனகுவதும் கேட்காது. சார்ஜ் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: உணவுப் பொருள் குளிர்கிடங்கு ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் பராமரிப்புக் குழுவில் ஒரு சீக்கியர். தலைப்பாகை, முழுத் தாடி. குளிரூட்டலுக்கு அம்மோனியா பயன்படுத்துகிறோம். அவருக்கு முழுமுகக் கவசம் போட முடியவில்லை. நல்ல தொழிலாளி. "சீக்கியர்களுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, விட்டுவிடுங்கள்" என்கிறார் எங்கள் மேலாளர். விடலாமா?
வாசகர், ஸ்டாக்டன், கலிஃபோர்னியா

அமெரிக்காவின் முதல் குருத்வாரா 1912-ல் எழுந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம்தான்.

மேலாளர் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொண்டிருக்கிறார். விலக்கு இருப்பது ஹெல்மெட்டுக்கு. கடினத் தொப்பி அணிய மத நம்பிக்கை இடம் தராதவர்களைக் காரணம் காட்டித் தண்டம் போடுவதில்லை என்று ஓஷா 1994-ல் முடிவெடுத்தது. இங்கிலாந்தில் தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்குக் கட்டுமான இடங்களில் 1989 சட்டம் விலக்குத் தந்தது, 2015-ல் அதை மற்ற வேலையிடங்களுக்கும் நீட்டினார்கள். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்திலும் உண்டு. மண்டை உடைந்தால் உடைவது அவருடையது, அவர் அதை ஏற்கிறார் என்பது அந்த விலக்குகளின் அடியில் இருக்கும் நியாயம். மூச்சுக் கவசத்துக்கு அப்படி ஒரு விலக்கு கிடையாது. கசிவில் அவர் மயங்கி விழுந்தால் அவரை இழுத்து வர இன்னும் இருவர் உள்ளே போவார்கள்.

தலைப்பாகை, தாடி இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். முழுமுகக் கவசத்துக்குப் பின்தலையில் ஐந்தாறு பட்டை வரும், தலைப்பாகைமேல் அது நிற்காது. அது பாதிச் சிக்கல்தான். தாடிதான் பெரியது. விளிம்புக்கு அடியில் தாடி இருந்தால் கசிவு, மழித்த முகத்தைவிட 20 முதல் 1000 மடங்கு வரை கூடும் என்று நயோஷ் சொல்கிறது. அத்தனை அகலமான வித்தியாசம் ஏன் தெரியுமா? ஒவ்வொரு தாடியும் ஒவ்வொரு மாதிரி, ஒரே தாடியும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. அதனால்தான் விளிம்பில் முடி இருந்தால் ஃபிட் டெஸ்டையே எடுக்கக் கூடாது என்பது விதி. கோவிட் சமயத்தில் இங்கிலாந்தில் சீக்கிய மருத்துவர்கள் தாடியை ரப்பர் பட்டையால் இறுக்கி மூடி அதன்மேல் முகமூடி போடும் முறை ஒன்றைச் செய்து காட்டினார்கள், சிங் தாட்டா என்று பெயர். புத்திசாலித்தனமான வேலை. ஆனால் ஓஷா விதிக்குள் அதை வைத்து நீங்கள் டெஸ்ட் எடுக்க முடியாது. அம்மோனியா முன்னால் நிற்கவைத்துப் பரிசோதிக்கவும் வேண்டாம்.

தளர்வான ஹூடு உள்ள பேப்பர்தான் வழி, ஆனால் எல்லை தெரிந்துகொண்டு. கலிஃபோர்னியாவில் எட்டு மணி நேர வேலைக்கு அம்மோனியா வரம்பு 25 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு. ஹூடின் மதிப்பு 25. பெருக்கினால் 625 வரை போகலாம்போலத் தெரியும். போகக் கூடாது. 300 பி.பி.எம். தொட்டாலே அது உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு. அங்கே காற்று சிலிண்டரைச் சுமக்கும் அழுத்த வகை முழுமுகக் கவசம் போன்றவைதான் செல்லும், அதற்குத் தாடி ஆகாது. எவ்வளவு கசிகிறது என்றே தெரியாத அவசரமும் அந்தக் கணக்கில்தான் சேரும். எனவே வழக்கமான வால்வு வேலை, எண்ணெய் வடிப்பது, அளவு தெரிந்த சின்னக் கசிவு ஆகியவற்றுக்கு அவர் ஹூடோடு போகலாம். மணி அடித்ததும் உள்ளே ஓடுகிற குழுவில் அவர் பெயர் இருக்கக் கூடாது. வெளியே நின்று வால்வை மூடுவது, காற்றின் திசை பார்ப்பது, ஆட்களை எண்ணுவது என்று அந்தக் குழுவுக்கும் வெளிவேலை நிறைய இருக்கிறது.

வாங்கும்போது இரண்டு விஷயம். தூசிக்கு என்று விற்கும் பேப்பரில் அம்மோனியா வடிகலன் கிடையாது. அம்மோனியாவுக்கு ஒப்புதல் பெற்ற மாதிரியைக் கேளுங்கள், வடிகலன் பட்டை பச்சை நிறத்தில் இருக்கும். அடுத்தது ஹூடுக்குள் இருக்கும் தலைவளையம். அதைத் தலைப்பாகைமேல் பொருத்த முடியவில்லை என்று உங்கள் ஆட்கள் கத்தரித்து எடுத்துவிடுவார்கள். எனக்குத் தெரியும், எடுப்பார்கள். எடுத்த நிமிஷமே நயோஷ் ஒப்புதல் போனது. ஒரு கம்பெனி ஹூடை இன்னொரு கம்பெனி விசிறியில் மாட்டினாலும் அதே கதை, இரண்டும் தனித்தனியே தங்கமாக இருந்தாலும். பெரிய அளவு ஹூடு, தலைவளையம் இல்லாமலே ஒப்புதல் பெற்ற ஹூடு என்று தேடுங்கள். அவரைக் கூட்டிப்போய் அவர் தினம் கட்டும் தலைப்பாகையோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னதாகக் கட்டிக்கொள்ள அவருக்குச் சம்மதமா என்று கேட்கலாம், ஒரு தடவை. மறுபடி கேட்காதீர்கள்.

சட்டப் பக்கம் ஒரு சேதி. எண்ணெய் நிறுவனம் ஒன்றில் மெஷினிஸ்டாக இருந்த சீக்கியர் ஒருவர் இதே தாடி விவகாரத்தில் வழக்குப் போட்டார். உங்கள் பகுதிக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984-ல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அப்போது நிறுவனம் வேறு வேலை தந்து, தாடியோடு போடக்கூடிய கவசம் வந்தால் பழைய வேலைக்கே எடுப்பதாகவும் சொல்லியிருந்தது. இன்று அந்தக் கவசம் கடையில் கிடைக்கிறது. கலிஃபோர்னியாவில் 2013 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, மத உடைக்காக ஒருவரை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் பின்னறையில் தள்ளுவதைச் சலுகை என்று சொல்லவும் முடியாது. 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், சின்னச் செலவைக் காட்டி முதலாளி மறுக்க முடியாது, கணிசமான சுமை என்று காட்ட வேண்டும் என்றது. உங்கள் மேலாளருக்கு இதில் ஏதாவது ஒன்றைக் காட்டினால் போதும், பேப்பருக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

கேள்வி: என் மகள் பல் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். வெள்ளை என்95 போட்டுப் போட்டுச் சலித்துவிட்டது என்கிறாள். மதுரைச் சுங்குடியில் அதற்கு உறை தைத்து, அதே துணியில் தலைக்கும் ஒரு குல்லாய் தைத்துக் கொடுத்தேன். எல்லோரும் பாராட்டினார்களாம். மேலே போடுவதுதானே, தப்பில்லையே?
வாசகி, ஷார்லட், வட கரோலினா

குல்லாய் அழகாக இருக்கும், தாராளமாகப் போடட்டும், நெற்றிக்கு மேலேயே நின்றால். உறையை எடுத்துவிடச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். நயோஷ் பரிசோதித்தது உறை இல்லாத முகமூடியை. நிமிஷத்துக்கு 85 லிட்டர் காற்றை உப்புத் துகளோடு அதன் வழியே தள்ளி, மூச்சு இழுக்க எவ்வளவு சிரமம் என்றும் அளந்து ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். அதன்மேல் சுங்குடி ஏறினால் மூச்சுச் சிரமம் கூடும். சிரமம் கூடினால் காற்று வடிகட்டியை விட்டுவிட்டு விளிம்போரமாக வழி தேடும். வால்வு வைத்த முகமூடி என்றால் துணி வால்வையே அமுக்கும். பட்டையில் பட்டன் தைப்பது, பட்டையை வெட்டிக் காதில் மாட்டுகிற மாதிரி செய்வது எல்லாமே இதே ரகம். மிச்சத் துணியில் எனக்கும் ஒரு குல்லாய் தைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் ஆபரேட்டர். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன், தாடி எடுக்க முடியாது. அவசரக் குழுவிலும் இருக்கிறேன், காற்று சிலிண்டர் மாஸ்க் போட வேண்டியிருக்கும். வெயிலுக்குத் தலையில் துண்டு கட்டித்தான் ஹெல்மெட் போடுவேன். இரண்டும் பிரச்சினையா?
வாசகர், சென்னை

நான் எழுதும் ஓஷா, நயோஷ் எல்லாம் அமெரிக்கச் சமாச்சாரம். மணலியில் அது உங்களைக் கட்டாது. ஆனால் முடிக்கும் ரப்பருக்கும் நாடு தெரியாது. மாலை போட்ட அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, அந்த ஒரு மண்டலத்துக்கு மாஸ்க் போடும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்து, மாலை போடாத ஒருவர் பெயரைப் போடச் சொல்லுங்கள். தலைதீபாவளிக்கு லீவு மாற்றிக்கொள்ளத் தெரிந்த நமக்கு இது தெரியாதா? மழுங்கச் சிரைத்த மறுநாள் முளைக்கும் குச்சி முடியே விளிம்பைத் தூக்கும். முப்பது நாள் தாடியோடு வாயு கசியும் இடத்துக்குள் போய், சுவாமியே சரணம் என்று இருக்காதீர்கள். "அழுத்த வகைதானே, காற்று வெளியேதானே தள்ளும்" என்று யாராவது சொல்வார்கள். அப்படித் தள்ளித் தள்ளியே உங்கள் சிலிண்டர் சீக்கிரம் காலியாகும். அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

துண்டு: மாஸ்க் இல்லாத நேரத்தில், மெல்லிசாக, முடிச்சுப் போடாமல் இருந்தால் பெரிய குற்றம் இல்லை. ஹெல்மெட்டின் உள்பட்டைக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை மட்டும் துணியால் அடைக்காதீர்கள். அடியைத் தாங்குவது அந்த வெற்றிடம்தான். மாஸ்க் போடும் நேரத்தில் துண்டு இடுப்புக்குப் போகட்டும். மாஸ்க் பட்டை தலையில், அதன்மேல் ஹெல்மெட்.

கேள்வி: ரசாயனக் கசிவுப் பயிற்சியில் முழு உடுப்பின் ஹூடை முதலில் தலையில் போட்டுவிட்டு அதன்மேல் முழுமுக மாஸ்க் மாட்டினேன். பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டார். எது முதலில் போனால் என்ன?
வாசகர், பேட்டன் ரூஜ், லூயிசியானா

கடிந்ததற்கு நான் வருத்தம் தெரிவிக்கிறேன், விஷயத்தில் அவர் சரி. மாஸ்க் முதலில், தோலோடு தோலாக. பட்டையை இறுக்கி, காற்று வரும் வழியை அடைத்து மூச்சை இழுத்துக் கசிகிறதா என்று பார்த்த பிறகு ஹூடு பட்டைகளுக்கு மேலே வந்து, மாஸ்க்கின் கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் நிற்க வேண்டும். தீயணைப்புக்காரர்கள் அணியும் துணி ஹூடும் அதே வரிசைதான். பூவும் பொட்டும் வைப்பவர்களுக்கும் இந்தக் கேள்வியிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், தனியாக இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். புருவ மத்திப் பொட்டு பெரும்பாலும் கண்ணாடிக்குள் வந்துவிடும். நெற்றியின் மேலே வைக்கும் சந்தனமும் ஸ்டிக்கரும் சரியாக முழுமுக விளிம்பில் வந்து உட்காரும், எடுத்துவிடுங்கள். மல்லிகைச் சரமும் உயரக் கொண்டையும் மேல் பட்டைக்குச் சொந்தமான இடத்தில் குடியிருக்கின்றன. பின்னலைத் தாழ இறக்குங்கள், பூ வீட்டில்.

கேள்வி: பல்கலைக்கழக விலங்கு ஆய்வகத்தில் வேலை. புற்றுநோய்க்குக் கீமோ முடிந்து திரும்பியிருக்கிறேன். முடி இல்லை, பருத்தித் துணி கட்டுகிறேன். பழைய என்95-ஐயே போடலாமா? போன வருஷம் எடுத்த ஃபிட் டெஸ்ட் இன்னும் நான்கு மாதம் செல்லும்.
வாசகி, ஆஸ்டின், டெக்சஸ்

நல்லபடி திரும்பி வந்ததில் சந்தோஷம். நான்கு மாதத்தை மறந்துவிடுங்கள். உடல் எடை கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறினால் ஒரு வருஷம் காத்திருக்காமல் மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும் என்பது விதி. கன்னம் வற்றியிருக்கும், பழைய அளவு உங்களுக்கு இனி இல்லை. மருத்துவத் தகுதிச் சீட்டையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள், மூச்சு வாங்குகிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும். முடி இல்லாத வழவழத் தலையில் பட்டை வழுக்கும், சொரசொரப்பான பருத்திக் குல்லாய்மேல் சிலருக்கு நன்றாக நிற்கும். டப்பாத் தாள் என்ன சொல்கிறது என்று பார்த்து, அந்தத் துணியோடேயே டெஸ்டுக்குப் போங்கள்.

இன்னொன்று, யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். கீமோவுக்குப் பிறகு பலருக்கு நாக்கில் ருசி மாறிப்போகும். சாக்கரின் டெஸ்டில் முகமூடி போடுவதற்கு முன்பே உங்களுக்கு இனிப்புத் தெரிகிறதா என்று தெளித்துப் பார்ப்பார்கள். தெளிப்பானை 30 தடவை அழுத்தியும் தெரியவில்லை என்றால் அந்த டெஸ்ட் உங்களுக்கு ஆகாது. "லேசாக இனிக்கிற மாதிரிதான் இருக்கு" என்று வெட்கப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். பிறகு முகமூடி எத்தனை ஓட்டையாக இருந்தாலும் இனிக்கவில்லை என்று சொல்லித் தேறிவிடுவீர்கள். மெஷின் டெஸ்ட் கேளுங்கள். அது உங்கள் நாக்கைக் கேட்காது, முகமூடிக்கு உள்ளேயும் வெளியேயும் துகளை எண்ணும். என்95-க்கு 100 வந்தால், அதாவது உள்ளே இருப்பதைப்போல வெளியே 100 மடங்கு துகள் இருந்தால், தேறினீர்கள். நாக்கு சரியாக இருந்து சாக்கரினுக்கே போவதாக இருந்தால், 15 நிமிஷம் முன்பிருந்து வெறும் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். காபியும்தான்.